நொச்சிக்கும் உழிஞைக்கும் நடுவில்

கான்சாகிபைப் பற்றி நண்பர்களிடையே பேச்சு எழுந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே துரோகம் என்ற வார்த்தை வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன மாதம் ராஜபாளையத்தில் நாலு பேர் கூடியிருந்தபோதும் அதுதான் நடந்தது. மார்ச்சண்ட், சீனிவாசராவ், சம்பந்தமில்லாமல் எட்டப்பனும் கூட. பெயர்கள் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரு திருப்தி. சோழபுரத்துக்குத் திரும்பும்போது எனக்கு மட்டும் ஏதோ கணக்கு நேராகாத உணர்வு இருந்துகொண்டே இருந்தது. பகல் முழுவதும் பிறர் பணத்தை எண்ணும் உத்தியோகம் பார்ப்பவனுக்கு இந்த உணர்வு பழக்கமானதுதான். ஒரு பெரிய நகரம் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்து வீழ்ந்திருக்கிறது. உள்ளே பட்டாளம் மட்டுமல்ல, ஜனங்களும் இருந்திருக்கிறார்கள். எங்கள் பேச்சில் அவர்கள் ஒரு தடவைகூட வரவில்லை.

சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் சீமையில் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து யூசுப் கானாக மாறியவன், கும்பினிச் சிப்பாய்களின் கமாண்டண்டாக உயர்ந்து, 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குத்தகை எடுத்தான். பணத்தை யாரிடம் கட்டுவது, யாருக்குக் கட்டுப்பட்டவன் என்பதில் நவாப் முகமது அலியோடு மோதல். 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. அந்தக் கொடிக்குப் பின்னால் ராஜ்யம் எதுவும் நிற்கவில்லை. புதுச்சேரி 1761லேயே விழுந்துவிட்டது. 1763 பிப்ரவரியில் பாரிஸில் சமாதான உடன்படிக்கையும் ஆகிவிட்டது. மார்ச்சண்ட் தலைமையில் கொஞ்சம் பிரெஞ்சு வீரர்கள் அவனிடம் இருந்தார்கள், அவ்வளவுதான்.

முற்றுகை இரண்டு தவணையாக நடந்தது. 1763 செப்டம்பரில் மான்சனும் பிரெஸ்டனும் வந்து வளைத்துக்கொண்டார்கள். நவம்பரில் மழை அவர்களை விரட்டிவிட்டது. மறு வருஷம் மேஜர் சார்லஸ் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தார்கள். 1764 ஜூன் 26ஆம் தேதி மதிலை ஏறிப் பிடிக்கச் செய்த முயற்சி படுதோல்வி அடைந்தது. பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தில் செத்தான். அதன் பிறகு ஆங்கிலேயர் ஏறிப் பிடிக்கும் ஆசையை விட்டுவிட்டார்கள். சுற்றிலும் வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இதை முற்றுகையில் வீரம் முடிந்து கணக்கு ஆரம்பிக்கும் கட்டம் என்று சொல்லலாம். உள்ளே எத்தனை வாய், எத்தனை நாள் தானியம் என்பதுதான் பிறகு கேள்வி. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். அக்டோபர் 13ஆம் தேதி தொழுகையில் இருந்தபோது யூசுப் கானை அவனுடைய ஆட்களே பிடித்துக் கட்டினார்கள். அவனுடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள் என்பது வழக்கு. கோட்டை எதிரி வசமாயிற்று. 15ஆம் தேதி நவாபின் ஆணைப்படி தூக்கு. உடலைத் துண்டாக்கிச் சீமைக்கு ஒன்றாக அனுப்பினார்கள். மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் இருப்பது மிச்சத்துக்குக் கட்டிய சமாதி.

அந்த மூன்று மாதத்தைத்தான் நம் ஞாபகம் ஒரு தாண்டாகத் தாண்டிவிடுகிறது. ஜூன் 26இன் வீரம் ஞாபகம் இருக்கிறது. அக்டோபர் 13இன் துரோகம் ஞாபகம் இருக்கிறது. நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கான்சாகிபு சண்டைக் கதைப்பாடலிலும் சண்டைக்கும் காட்டிக்கொடுப்புக்கும்தான் பெரிய இடம். பாடியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டத்துக்கு முன்னால் நின்று பாடுகிறவன் பசியை மூன்று மாதத்துக்கு நீட்டிப் பாட முடியாது. ஆனால் எழுதுகிறவர்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லையே.

இதே மதுரை ஏழு வருஷம் முன்னால், 1757இல், எப்படிக் கைமாறியது என்பதையும் பார்க்க வேண்டும். கும்பினித் தளபதி காலியோ அப்போது முற்றுகையிட்டுப் பார்த்துச் சலித்துப்போய், கடைசியில் கோட்டையை வைத்திருந்த மாபூஸ் கானின் ஜமேதார்களுக்கு 1,70,000 ரூபாய் கொடுத்து உள்ளே நுழைந்தான். சிப்பாய்களுக்குச் சம்பளப் பாக்கி என்றால் மதிலுக்கு விலை உண்டாகிவிடுகிறது. இந்தக் கைமாற்றத்தைத் துரோகம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. காரணம் வெளிப்படையானது. அதில் காவியத்துக்குரிய நாயகன் இல்லை. துரோகம் என்பது நாம் சம்பவத்துக்குக் கொடுக்கும் பெயர் அல்ல, நாயகனுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

இது வெறும் சரித்திர மறதியா, அல்லது நம் இலக்கியப் பிரக்ஞையிலேயே உள்ள ஒரு இடைவெளியா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது புறப்பொருள் வெண்பாமாலையை எடுத்துப் பார்த்தேன். மதிலை வளைப்பவனுக்கு உழிஞை, உள்ளே நின்று காப்பவனுக்கு நொச்சி. இரண்டும் தனித்தனிப் படலம். பணிந்துபோவது உழிஞையில் இருக்கிறது. திறை வாங்கிக்கொண்டு பெயர்வது ஒரு துறை. மதில் மன்னர்கள் எல்லோரும் வந்து அடிபணிவது இன்னொரு துறை. அதாவது பணிவு வெளியே நிற்பவன் கண்ணில் படும் காட்சியாக இருக்கிறது. நொச்சிக்கு வந்தால் ஊரைக் காத்துப் பொருவது, போரில் வீழ்வது, குதிரையின் மறம், மகள் தர மறுத்துப் பேசுவது எல்லாம் உண்டு. உள்ளே இருப்பவன் கதவைத் திறப்பதற்குத் துறை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு விலக்கு குறுவஞ்சி. படையெடுத்து வந்தவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தன் குடிகளைக் காப்பாற்றுவது. ஐயனாரிதனார் அதையும் நொச்சியில் வைக்கவில்லை, படையெடுப்பவனுடைய வஞ்சியில் வைத்தார். எதிரியின் நாட்டைத் திரும்பவும் எரிப்பதற்குப் பெருவஞ்சி என்று பெயர். குடிகளைக் காப்பாற்றுவதற்குக் குறுவஞ்சி. பெயர் வைத்தவர்களுக்கு இதில் வேறு காரணம் இருந்திருக்கலாம், எனக்கு உறுத்துகிறது.

இலக்கணம் விட்டதைக் கவிதை விடவில்லை என்பதும் உண்மை. புறநானூற்றில் 44ஆம் பாட்டு. ஆவூர் முற்றுகை. நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். கோவூர் கிழார் அவனிடம் பேசுகிறார். யானைகள் குளத்தில் இறங்க முடியாமலும் கவளம் இல்லாமலும் பெருமூச்சு விடுகின்றன. குழந்தைகள் பாலுக்கு அழுகின்றன. பெண்கள் பூ இல்லாத தலையை முடிந்துகொள்கிறார்கள். வீடுகளில் தண்ணீர் இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அறம் உடையவனானால் கதவைத் திறந்து கோட்டை உன்னுடையது என்று சொல், மறம் உடையவனானால் கதவைத் திறந்து போரிடு, இரண்டும் இல்லாமல் கதவை அடைத்துக்கொண்டு ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்கிறார். நம் உரைகளும் பள்ளிக்கூடங்களும் இந்தப் பாட்டை வீரத்தைத் தூண்டும் பாட்டாகவே படித்து வந்திருக்கின்றன. ஆனால் சரணடைவதைக் கவிஞர் அறத்தின் பக்கம் வைக்கிறார் என்பது பாட்டிலேயே இருக்கிறது. சரணடைவதை இவ்வளவு நேரடியாக அறம் என்று சொன்ன குரல் நம் மரபில் அதற்குப் பிறகு எனக்குக் கேட்கவில்லை. ஆவூர்க் கதவு திறந்ததா என்று புறநானூறு சொல்லவில்லை. நெடுங்கிள்ளிக்குக் காரியாற்றுத் துஞ்சியவன் என்று பெயர். வேறொரு இடத்தில் செத்திருக்கிறான்.

பிற்காலத்தில் சரண் என்ற வார்த்தையே கடவுளுக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாகதி என்றால் அது வேறு விஷயம். அதில் அவமானம் கிடையாது, பேறுதான். மனிதன் மனிதனிடம் சரணடையும்போது மட்டும் நம்மிடம் வார்த்தை தட்டுப்படுகிறது. அந்தக் காலியிடத்தில் துரோகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே ஒரு சொந்த விஷயம். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் என் அப்பா வேலை பார்த்த மில்லில் ஸ்டிரைக். மூன்றாவது மாதத்தில் சங்கச் செயலாளர் நிர்வாகத்தின் ஷரத்துக்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கேட்டதில் கால்வாசிகூட கிடைக்கவில்லை. அப்பா அன்று தெருவில் நின்று அந்த மனிதரைத் துரோகி என்று கத்தினார். பக்கத்தில் நின்று நானும் கத்தினேன். சாகும்வரை அவர் வீட்டு விசேஷம் எதற்கும் அப்பா போகவில்லை. அவர் காசு வாங்கினார் என்பதற்கு யாரிடமும் எந்தச் சாட்சியமும் இருந்ததில்லை. போன வருஷம் பேச்சுவாக்கில் அம்மாவிடம் இதைக் கேட்டேன். அம்மா அந்த ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்டா, குத்துவிளக்கு எல்லாம் அடகுக்குப் போய், மளிகைக் கடையில் கடனும் நின்றுபோயிருந்த சமயம் அது என்றாள். “அன்னைக்கு ராத்திரிதான் பிள்ளைக ரெண்டும் சோறு கேட்டு அழுகாமத் தூங்குச்சு” என்றாள். அந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று நான். எனக்குக் கத்தியது ஞாபகம் இருக்கிறது. பசித்தது ஞாபகம் இல்லை.

இதனால் மார்ச்சண்ட் நல்லவன் என்றோ சீனிவாசராவ் அறவான் என்றோ நான் சொல்ல வரவில்லை. தங்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தலைவனின் தலையைக் கொடுத்தவர்கள் அவர்கள். ஊர்ப் பிள்ளைகளின் பாலுக்காக அவர்கள் இதைச் செய்தார்கள் என்று வாதாடுவது அபத்தம். நான் சொல்வது வேறு. அவர்கள் கயவர்கள் என்று தீர்ப்பு எழுதி முடித்த பிறகும் அந்த மூன்று மாதம் எழுதப்படாமல் கிடக்கிறது.

சரணடைவதற்கு மரியாதையான வழி ஒன்று அந்தக் காலத்து யுத்தத்தில் இருக்கத்தான் செய்தது. ஐரோப்பியர் தமக்குள் அதைச் சட்டம்போலவே வைத்திருந்தார்கள். ஷரத்துக்கள் எழுதிக் கையொப்பமிட்டு, கொட்டு முழக்கத்தோடு வெளியே வரலாம். அதன் சுத்தமான உதாரணம் என்று நான் நினைப்பது நூறு வருஷம் பிந்தி, ருஷ்ய எல்லையில் துருக்கி சுல்தானுடைய காவல் கோட்டையான கார்ஸில் நடந்தது. கிரீமிய யுத்தத்தின்போது, 1855 ஜூனிலிருந்து ருஷ்யத் தளபதி முராவ்யோவ் அதை வளைத்திருந்தான். உள்ளே துருக்கிப் படை. பாதுகாப்பை நடத்தியவன் ஆங்கிலேய ஜெனரல் ஃபென்விக் வில்லியம்ஸ். செப்டம்பர் 29இல் ருஷ்யர் ஏறிப் பிடிக்க முயன்று ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மதுரையின் ஜூன் 26 மாதிரிதான். பிறகு அதே மாதிரி வழி அடைப்பு, காலரா, பட்டினி. நவம்பர் கடைசியில் வில்லியம்ஸ் சரணடைந்தான். திரட்டு வீரர்கள் ஊருக்குப் போக அனுமதி கிடைத்தது. வில்லியம்ஸுக்கு ருஷ்யர் உபசாரம் செய்தார்கள். சீமை திரும்பியதும் கார்ஸ் என்ற ஊர்ப் பெயரோடேயே பாரனெட் பட்டமும் பென்ஷனும் கிடைத்தன. கோட்டையைக் கொடுத்தவனுக்கு அந்தக் கோட்டையின் பெயரிலேயே பட்டம்! பசியில் செத்த துருக்கிச் சிப்பாய்க்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. ஆனாலும் அங்கே உள்ளே இருந்த மருத்துவன் ஹம்ப்ரி சாண்ட்வித் 1856லேயே முற்றுகையைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டான். ஆஸ்பத்திரியில் பசியால் சுருங்கிச் சாகிறவர்கள் அதில் இருக்கிறார்கள்.

யூசுப் கானுக்கு இந்த மரியாதை கிடைத்திருக்க வழியில்லை. அவன் எதிரி அல்ல, கலகக்காரன் என்பது ஆங்கிலேயரின் நிலை. குத்தகைக்காரன், வேலைக்காரன் என்பது நவாபின் நிலை. பேச்சுவார்த்தை மார்ச்சண்டோடு நடக்கலாம், கானோடு நடக்க முடியாது. அவன் கதவைத் திறந்திருந்தாலும் தூக்குதான், அடைத்திருந்தாலும் தூக்குதான். கோவூர் கிழார் நெடுங்கிள்ளிக்குக் கொடுத்த இரண்டு வழிகளில் ஒன்றை அவனுக்கு எதிரிகள் முன்னதாகவே மூடிவிட்டார்கள். துரோகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

ஐரோப்பிய மரியாதையையும் அதிகம் நம்பிவிடக் கூடாது. புதுச்சேரி அதற்குச் சாட்சி. ஆங்கிலத் தளபதி கூட்டின் முற்றுகையில் தானியம் தீர்ந்துபோய் லாலி 1761 ஜனவரி 16இல் நகரத்தைக் கொடுத்தான். ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலி லண்டனில் கைதியாக இருந்தவன், தன் மேல் எழுந்த குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லத் தானாகவே பாரிஸ் போனான். ராஜ துரோகம் என்று 1766 மே மாதம் தலையை வெட்டினார்கள். வால்டேர் அந்த மனிதனுக்காக எழுதிப் போராடி, அந்தத் தீர்ப்பு ரத்தாக 1778 ஆயிற்று. ஆக, பட்டினியால் விழுந்த கோட்டைக்கு ஒரு துரோகியைத் தேடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் அவர்களுக்கு ஒரு வால்டேர் இருந்தான்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே லாலிக்காக அல்ல. அவன் சரணடைவதற்கு ஏழு வாரம் முன்னால் நடந்த ஒன்றுக்காக. 1760 நவம்பர் கடைசியில், இருக்கிற தானியம் பட்டாளத்துக்கு மிஞ்ச வேண்டும் என்று, நகரத்தில் மிச்சமிருந்த நம் ஜனங்களை லாலி வெளியே தள்ளினான். பெரிய மனிதர் வீட்டு வேலைக்காரர்கள் சிலரைத் தவிர மற்ற எல்லோரையும். ராபர்ட் ஓர்ம் தன் யுத்த சரித்திரத்தில் கொடுக்கும் எண்ணிக்கை 1400. ஆணும் பெண்ணும் குழந்தைகளும். இவர்கள் ஆங்கிலேயர் காவல் வரிசையை அடைந்தபோது கூட் வழிவிட மறுத்தான். வாய்கள் உள்ளேயே இருந்தால்தானே தானியம் சீக்கிரம் தீரும். அவர்கள் திரும்பி மதிலை நோக்கி ஓடினார்கள். கதவு திறக்கவில்லை, சுட்டார்கள். கொத்தளத்துக்கும் காவல் வரிசைக்கும் நடுவில் இருந்த வெளியில் ஒரு வாரம் போல அலைந்தார்கள். புல்லின் வேரைத் தோண்டித் தின்றார்கள் என்று எழுதுகிறான் ஓர்ம். கடைசியில் கூட் மனம் இளகி வழிவிட்டான்.

இந்த 1400 பேர் எந்தத் திணை? மதிலுக்கு வெளியே நிற்கிறார்கள், ஆனால் உழிஞை சூடியவர்கள் அல்ல. மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள், ஆனால் நொச்சி அவர்களைத் துப்பிவிட்டது. காப்பதற்கு அவர்களிடம் கோட்டை இல்லை. கொடுப்பதற்குக் கதவு இல்லை. துரோகம் செய்யக்கூட அவர்களுக்கு வசதி இல்லை. முற்றுகையின் முழு அர்த்தமும் அந்தப் பொட்டல் வெளியில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதை ஒரு ஆங்கிலக் கும்பினி உத்தியோகஸ்தன் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. தமிழில் ஒரு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை.

தமிழில் எழுதியிருக்கக்கூடிய ஆள் ஒருவர் அந்த ஊரிலேயே இருந்தார் என்பதுதான் வேதனை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து நாட்குறிப்பு எழுதி வந்தவர். 1748இல் போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது மதிலுக்கு உள்ளே உட்கார்ந்து நாள்தோறும் எழுதியவர். அந்தப் பக்கங்களை நாம் உரைநடையின் ஆரம்பகாலக் குதறல் மொழி என்று மொழிநடைப் பாடத்துக்காக மட்டும் புரட்டுகிறோம். நொச்சியில் விட்டுப்போன துறைகளை வரவு செலவு மொழியில் எழுதியவர் என்று அவரைப் பார்த்தால் என்ன? துபாஷியின் கண்ணுக்கு வீரம் தெரியாது. யார் குடும்பத்தை எந்த ஊருக்கு அனுப்பினார்கள், யார் யாரைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பது தெரியும். அவருடைய சார்புகள், ஜாதிக் கர்வம், துய்ப்ளேயின் மேல் இருந்த விசுவாசம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் அந்தக் கண் மிஞ்சுகிறது. 1760இல் அவர் பதவி இழந்து நோயில் கிடந்தார். 1761 ஜனவரி 12இல் இறந்தார். நகரம் சரணடைய நாலு நாள் இருந்தது.

கடைசியாக எங்கள் பக்கத்துச் சமாசாரம். ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று வரிசையாக வரும் ஊர்கள் எல்லாம் ஒரு காலத்தில் மண்கோட்டைகள். மதுரையின் கல்மதிலை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்ததற்கு வெளிவீதிகளாவது அடையாளமாக நிற்கின்றன. இங்கே மண் மண்ணோடு போய்விட்டது. வாசுதேவநல்லூரை யூசுப் கானே ஒரு தடவை பிடிக்க முடியாமல் திரும்பி, 1761இல்தான் பிடித்தான். அவன் தூக்கில் தொங்கிய பிறகு கோட்டை திரும்பவும் பாளையக்காரர் கைக்கு வந்தது. 1767இல் கர்னல் டொனால்ட் காம்பெல் பீரங்கியோடு வந்தான். இவன் வேறு காம்பெல். அந்தக் காலத்துச் சென்னைப் பட்டாளத்தில் காம்பெல்களுக்குப் பஞ்சமே இல்லை. மதிலில் விழுந்த ஓட்டையை, குண்டு விழுந்துகொண்டே இருக்கும்போதே, உள்ளே இருந்தவர்கள் வைக்கோலையும் பனந்தடியையும் போட்டு அடைத்துக்கொண்டே இருந்தார்கள். இதைப் போல் தான் பார்த்ததில்லை என்று காம்பெலே எழுதினான். பிறகு ஒரு நாள் பெருமழை. மழையோடு மழையாக உள்ளே இருந்தவர்கள் காவல் வரிசையை உடைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். கோட்டை கொடுக்கப்படவும் இல்லை, காட்டிக்கொடுக்கப்படவும் இல்லை, காலியாக இருந்தது. ஷரத்து எழுத எதிரில் ஆள் இல்லை. உழிஞையிலும் நொச்சியிலும் இதற்கும் துறை கிடையாது. இந்த விஷயத்தில் மண்கோட்டைக்காரனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. மண்ணை மறுபடி குழைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்கி ஒரு டீக்கடையில் நின்றேன். கோட்டை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர் கையைப் பொதுவாக ஒரு வீச்சு வீசினார். மழையில் ஓடியவர்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று கேட்டேன். அவருக்கு அது வினோதமான கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும். கிளாஸைக் கழுவிக்கொண்டே மேற்கே பார்த்தார். “அங்கிட்டுத்தான். மலையத் தவிர வேற எங்க போக?”